மலிவான ஷெட் போதும், காய்ந்த தரை வேண்டும்

வாசகி ஒருவரின் கேள்வி:

"வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தோட்டம் வைத்திருக்கிறேன். மண்வெட்டி, கடப்பாரை, இலை வாரும் வாரி, களைக்கொத்தி, கவாத்துக் கத்தரி, பேட்டரித் தெளிப்பான், 30 மீட்டர் ஹோஸ் பைப், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி, கரண்டில் ஓடும் சின்ன புல்வெட்டும் மெஷின், இரண்டு மூன்று உர மூட்டை, இவ்வளவுதான் சாமான். சுவரோரம் சாய்த்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன். ஒவ்வொரு மழைக்கும் துரு கூடிக்கொண்டே போகிறது. ஒரு ஷெட் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். கையில் பெரிய தொகை இல்லை. விசாரித்ததில் ஏறக்குறைய ஒரே விலையில் மூன்று வருகின்றன: 8-க்கு 6 அடியில் தகர ஷெட், 6-க்கு 4 அடியில் பிளாஸ்டிக் ஷெட், அதே 6-க்கு 4-ல் மர ஷெட். தகரத்தில் இடம் இரண்டு மடங்கு கிடைக்கிறதே, அதையே எடுத்துவிடலாமா? மண்தரையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர். ஜன்னல் வைத்த மாடலும் இருக்கிறது. என்ன செய்யலாம்?"

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 8-க்கு 6 தகர ஷெட் வேண்டாம். எந்த ஷெட்டாக இருந்தாலும் மண்தரையில் வைக்க வேண்டாம். ஜன்னலும் வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் சாமான்களுக்கு 6-க்கு 4 அடி தாராளம். அதே தகர வகையில் 6-க்கு 4 அளவில், ஷீட் கொஞ்சம் கனமாக உள்ளது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் ஷெட். கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஷெட்டுக்குக் கொடுக்காமல், அதன் கீழே வரப்போகும் தளத்துக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளுக்கும் எடுத்து வையுங்கள்.

தோட்ட ஷெட் அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். மலிவான ஷெட் என்பதாலேயே வீணாய்ப் போனதை நான் அதிகம் பார்த்ததில்லை. சரியான தளம் இல்லாமல் வீணாய்ப் போனவைதான் அதிகம். தளம் நன்றாக இருந்தால் சாதாரண ஷெட்கூடப் பல வருஷம் உழைக்கும். தளம் கெட்டிருந்தால் விலை உயர்ந்த மர ஷெட்கூட கதவு சிக்கிக்கொண்டு, பலகையின் அடி உளுத்து நிற்கும்.

உங்கள் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தார்ப்பாய் மழையைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனாலும் மண்வெட்டி துருப்பிடிக்கிறது. காரணம், மேலே விழும் மழை பாதிதான். மீதி ஈரம் மண்ணிலிருந்து ஆவியாக ஏறி, தார்ப்பாய்க்குள் போக வழியில்லாமல் அடைபட்டு, இரும்பின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டால், தண்ணீர் நேராகப் படாமலே இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கும். மண்தரையில் ஒரு தகர ஷெட்டை வைத்தால், அதே தார்ப்பாயை இன்னும் பெரிதாக, கதவு போட்டு வாங்கியதாகத்தான் ஆகும்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால், மண்தரையில் வைத்த தகர ஷெட் ஒன்றை விடியற்காலையில் திறந்து கூரையின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். முதல் நாள் மழையே பெய்திருக்காது, ஆனால் விரல் நனையும். ஸ்க்ரூ முனை ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டிருக்கும். நேர் கீழே இருக்கும் சாமானில், சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் வட்ட வட்டமாகத் துரு இருக்கும். வானம் தெளிவாக இருக்கும் இரவில் மெல்லிய தகரம் தன் சூட்டை வேகமாக இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. உள்ளே தேங்கியிருக்கும் ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் நீராகிறது. தகரம் வியர்க்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நிறைய பேர் இதைக் கூரை ஒழுகுகிறது என்று நினைத்து, இருக்கிற இடுக்கையெல்லாம் சிலிக்கான் போட்டு அடைத்துவிடுகிறார்கள். அதனால் காற்றோட்டம் நின்று வியர்ப்பது இன்னும் கூடுகிறது.

ஆகவே தரையிலிருந்து ஏறும் ஈரத்தை நிறுத்த வேண்டும், உள்ளே வரும் ஈரம் வெளியேற வழி விட வேண்டும். இந்த இரண்டும் நடந்துவிட்டால் ஷெட் எதனால் செய்தது என்பது அடுத்த கேள்விதான்.

சரி, அளவுக்கு வருவோம். விற்பவர் சொல்லும் அளவை அப்படியே நம்பக் கூடாது. 6-க்கு 4 என்று எழுதியிருப்பது பெரும்பாலும் கூரையின் வெளி அளவாக இருக்கும், இல்லையென்றால் அதைப் பக்கத்து முழு எண்ணுக்குத் தூக்கிச் சொன்னதாக இருக்கும். உள்ளே டேப் பிடித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் சில அங்குலம் குறையும். உள் அளவு, கதவைத் திறந்தால் கிடைக்கும் அகலம், தாழ்ந்த பக்கத்துச் சுவரின் உயரம் ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். மலிவான மாடல்களில் கூரை நடுவில் உயரமாகவும் ஓரத்தில் மிகத் தாழ்வாகவும் இருக்கும். வாரியின் கைப்பிடி 5 அடிக்கு மேல் வரும். ஓரச் சுவர் நாலரை அடி என்றால் அதை அங்கே நிறுத்த முடியாது, குறுக்கே படுக்க வைக்க வேண்டியிருக்கும். படுக்க வைத்த சாமானைத் தாண்டிப் போய்த்தான் மற்றதை எடுக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். வெறும் தரையில் சுண்ணாம்பாலோ கயிற்றாலோ 5 அடி 6 அங்குலத்துக்கு 3 அடி 6 அங்குலம் ஒரு பெட்டி போடுங்கள். 6-க்கு 4 ஷெட்டின் உள்பக்கம் ஏறக்குறைய இவ்வளவுதான் தேறும். தள்ளுவண்டியை மூக்கு கீழே இருக்கும்படி நிமிர்த்தி ஒரு மூலையில் நிறுத்துங்கள். புல்வெட்டும் மெஷினின் கைப்பிடியை மடித்து அதன் பக்கத்தில் வையுங்கள். உர மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இன்னொரு மூலையில் அடுக்குங்கள். நீளக் கைப்பிடிச் சாமான்கள் சுவரில் மாட்டப்படும் என்பதால் அவற்றுக்கு அரை அடிப் பட்டை மட்டும் விடுங்கள். நடுவில் இடம் மிஞ்சும். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் 8-க்கு 6 எதற்கு என்று உங்களுக்கே தோன்றும். காலி இடம் இருந்தால் வீட்டில் வேண்டாத பொருளெல்லாம் அங்கே போய்ச் சேரும், மண்வெட்டி அதற்குப் பின்னால் மறைந்துவிடும்.

இந்த அளவு ஷெட்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒன்று உண்டு. கதவு அகலமான பக்கத்தில், அதாவது 6 அடிப் பக்கத்தில் இருக்க வேண்டும். 4 அடிப் பக்கத்தில் கதவு வைத்த மாடலில் ஒருவர் உள்ளே நுழைந்து நடக்க ஒரு நடைபாதை விட்டாக வேண்டும். அதிலேயே பாதி இடம் போய்விடும். 6 அடிப் பக்கத்தில் இரட்டைக் கதவு இருந்தால் வெளியே நின்றபடியே எந்தச் சாமானையும் எட்டி எடுக்கலாம், உள்ளே போகவே வேண்டாம். அலமாரியைத் திறந்து எடுப்பதைப் போலத்தான். தள்ளுவண்டி நுழையக் கதவுத் திறப்பு குறைந்தது 30 அங்குலம் இருக்கட்டும்.

இப்போது அந்த 8-க்கு 6 தகர ஷெட்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்று சொல்கிறேன். இரண்டு மடங்கு இடத்தை அதே விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் எங்கேயோ குறைத்திருக்கிறார். குறைத்த இடம் ஷீட்டின் தடிமன். இந்த விலையில் வருவது பெரும்பாலும் 0.25 மில்லிமீட்டர் சுற்றி இருக்கும். ஷோரூமில் நிற்கும் ஷெட்டின் பக்கவாட்டுச் சுவரை, மடிப்பு இல்லாத இடத்தில் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். டப்பா மாதிரி உள்ளே போய் 'டொப்' என்று திரும்பினால் அது மெல்லிய ஷீட். 0.4, 0.5 மில்லிமீட்டர் என்றால் கையில் உறுதி தெரியும். அளவு தெரியாமல் 'கேஜ்' எண் மட்டும் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள், கேஜ் எண் கூடக் கூடத் தடிமன் குறையும். 30 கேஜைவிட 26 கேஜ் கனமானது.

ஷீட்டின்மேல் துத்தநாகப் பூச்சு எவ்வளவு என்பதும் முக்கியம். ஜி.ஐ. ஷீட்டில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில், இருக்கும் துத்தநாகம் இரும்பை மூடுவதோடு நிற்பதில்லை. சின்னக் கீறல் விழுந்தால், இரும்புக்குப் பதில் அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. அந்தப் பூச்சு எவ்வளவு கனமோ அவ்வளவு காலம் தாங்கும். 275 என்று குறித்த ஷீட்டில் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் இருக்கும், 120 என்றால் 120 கிராம். விவர அட்டையில் இது இருந்தால் பார்த்து வாங்குங்கள். ஒன்றுமே போடாத அட்டை என்றால் குறைவானது என்றே வைத்துக்கொள்ளலாம். துரு எப்போதும் அடிச் சட்டத்தில்தான் ஆரம்பிக்கும், அங்கேதான் தண்ணீர் நிற்கும். அந்தச் சட்டம் மட்டுமாவது சுவர் ஷீட்டைவிடக் கனமாக இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, உளுக்காது, பெயிண்ட் கேட்காது. வெளியே ஒன்று உள்ளே ஒன்றாக இரட்டைத் தோல் வைத்துச் செய்த பலகை என்றால் தகரம் அளவுக்கு வியர்க்கவும் செய்யாது. ஆனால் வெயில் அதன் எதிரி. புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலக்காத பிளாஸ்டிக் சில வருஷத்தில் வெளுத்து, தட்டினால் விரிசல் விடும் நிலைக்கு வந்துவிடும். அந்தச் சேர்மானம் உண்டா, அதற்கு எத்தனை வருஷம் வாரண்டி என்று கேளுங்கள். இன்னொன்று, பிளாஸ்டிக் சுவரில் நினைத்த இடத்தில் ஆணி அடித்துக் கடப்பாரையை மாட்ட முடியாது. கம்பெனி கொடுக்கும் கொக்கியும் தட்டும் தாங்கும் எடைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி போன்ற கனமான சாமான்களை உள்ளே தரையில் நிற்கும் ஒரு மரச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். இந்தத் தொல்லை இருப்பதால்தான் கனமான தகரத்துக்கு முதல் இடம் கொடுத்தேன்.

மரம் பார்க்க அழகு, எங்கே வேண்டுமானாலும் கொக்கி அடிக்கலாம், வியர்க்காது. ஆனால் உங்கள் தொகையில் வரும் மர ஷெட், மெல்லிய பலகையை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அடித்ததாகத்தான் இருக்கும். வெயிலில் காய்ந்து பலகைகளுக்கு இடையில் சந்து விழும், சாரலில் அதன் வழியாக ஈரம் வரும். அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றிய மரமா, மேலே மட்டும் தடவியதா என்பதுதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கும். மேலே தடவியதென்றால் வருஷம் தவறாமல், இல்லையென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீங்கள் பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். கரையான் உள்ள மண் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம். பராமரிக்க ஆசையும் நேரமும் உள்ளவர்களுக்கு மரம் நல்லது. குறைந்த விலையில் வாங்கி மறந்துவிட நினைப்பவர்களுக்குச் சரிப்படாது.

பழைய ஷெட் விலைக்கு வந்தால் தாராளமாகப் பாருங்கள், பிரித்துத் திரும்பப் பூட்டக்கூடியதுதானே. மரம் என்றால் அடிப்பலகையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் விட்டுவிடுங்கள். தகரம் என்றால் அடிச் சட்டத்தைப் பாருங்கள். ஆனால் பழைய கூரையில் சாம்பல் நிற நெளி ஷீட் இருந்தால் கிட்டே போக வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். அறுத்தாலோ துளை போட்டாலோ உடைத்தாலோ கிளம்பும் தூசி நுரையீரலுக்குள் போய் பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வெளிவரக்கூடும். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி தளம். இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மழை பெய்யும்போது ஒரு தடவை தோட்டத்தைப் பாருங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறதோ அங்கே வேண்டவே வேண்டாம். மரத்தடியும் வேண்டாம், இலை விழுந்து கூரையில் மக்கும், வேர் தளத்தைத் தூக்கும். மதில் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். பின்னால் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையும் அளவுக்கு ஒன்றரை அடியாவது விடுங்கள். காற்றுப் போக, குப்பையை வாரி எடுக்க, பின்னால் ஒரு ஸ்க்ரூ முறுக்க அந்த இடம் வேண்டும். கதவு, மழை சாய்ந்து அடிக்கும் திசையைப் பார்க்கக் கூடாது. தோண்டும் முன் அடியில் தண்ணீர்க் குழாய், கரண்ட் கேபிள், சாக்கடைத் தொட்டி மூடி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த அளவு ஷெட்டுக்குப் பல ஊர்களில் அனுமதி தேவைப்படாது. ஆனாலும் எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி இருக்கக்கூடும் என்பதால் உள்ளூர் நிர்வாகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஷெட்டைவிடச் சுற்றிலும் 3 அங்குலம் பெரிதாக, ஆறரைக்கு நாலரை அடி தளம் போடுங்கள். மேல்மண்ணை வழித்து எடுத்து, 4 அங்குலம் உடைந்த கல்லையோ செங்கல்லையோ பரப்பி நன்றாகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். அதன்மேல் கொஞ்சம் மணலைத் தூவிச் சமப்படுத்தி, கனமான பாலித்தீன் ஷீட்டை ஓரம் மேலே மடியும்படி விரியுங்கள். மண்ணிலிருந்து ஓதம் ஏறாமல் தடுப்பது இந்த ஷீட்தான். இதற்கு ஆகும் செலவு மிகக் கொஞ்சம், ஆனால் கொத்தனார்கள் இதைத்தான் முதலில் மறப்பார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து போட வையுங்கள். அதன்மேல் 4 அங்குலம் கான்கிரீட், சிமெண்ட், மணல், ஜல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவை போதும். மொத்தம் சுமார் 10 கன அடிதான் வரும். விரயம் சேர்த்துக்கொண்டாலும் 100 கிலோவுக்குள் சிமெண்ட் அடங்கிவிடும். தளத்தின் மேல்மட்டம் சுற்றியுள்ள மண்ணைவிட 2 அங்குலமாவது உயர்ந்திருக்கட்டும். ஷெட் உட்காரும் பகுதி ரசமட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். வெளியே நீளும் அந்த 3 அங்குல விளிம்பை மட்டும் வெளிப்பக்கம் வாட்டம் வைத்து இழுத்துவிடச் சொல்லுங்கள். விளிம்பு சமமாக இருந்தால் சுவரில் வழியும் மழை அங்கே நின்று, அடிச் சட்டத்துக்குக் கீழே புகுந்து உள்ளே வந்துவிடும்.

சதுரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஷெட் நிற்கும் கோட்டில் இரண்டு குறுக்கு மூலைகளையும் அளந்து பாருங்கள். 6-க்கு 4-க்கு இரண்டும் ஏறக்குறைய 7 அடி இரண்டரை அங்குலம் வர வேண்டும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் கதவு பொருந்தாது. கதவு சிக்குகிறது என்று என்னைக் கூப்பிடுபவர்கள் வீட்டில் நான் கீலைத் தொடுவதற்கு முன் தரையில் ரசமட்டத்தைத்தான் வைப்பேன். கோளாறு அனேகமாக அங்கேதான் இருக்கும்.

கான்கிரீட்டுக்கு முடியாது என்றால் இறுக்கிய ஜல்லிப் படுக்கைமேல் சிமெண்ட் சிலாப் கற்களைப் பதித்து அதன்மேல் வைக்கலாம். அடியில் பாலித்தீன் ஷீட் இதற்கும் வேண்டும். வாடகை வீடு, நாளை கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்றால் இதுதான் நல்லது.

அடுத்தது காற்று. 6-க்கு 4 தகர ஷெட்டை இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம், காற்று அதைவிடச் சுலபமாகத் தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தரும் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ அளவுக்கு அழுத்தம் தரும். 6-க்கு 4 கூரைக்குக் கணக்குப் போட்டால் 100 கிலோவைத் தாண்டுகிறது. ஷெட்டின் சொந்த எடை அதில் பாதிகூட இருக்காது. 8-க்கு 6 என்றால் கூரை இரண்டு மடங்கு, ஷீட் மெல்லியது என்பதால் எடை அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். நீங்கள் போடும் கான்கிரீட் தளத்தின் எடை 600 கிலோவுக்கு மேல் வரும். ஷெட்டை அதோடு இறுக்கிவிட்டால் கவலை விட்டது. நான்கு மூலையிலும், நீளப் பக்கங்களின் நடுவிலும் போல்ட் வேண்டும். தளத்தின் ஓரத்துக்கு மிக அருகில் விரியும் வகை ஆங்கர் போல்ட் போட்டால் கான்கிரீட் ஓரம் பெயர்ந்துவிடும். கான்கிரீட்டில் நேராக மரை பிடிக்கும் ஸ்க்ரூ ஆங்கர் அங்கே நல்லது. சிலாப் கல் தளம் என்றால் கல்லோடு இறுக்கிப் பயனில்லை, மண்ணுக்குள் முறுக்கி இறக்கும் ஆங்கர்களைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஆங்கர் செட் பல மாடல்களில் தனி விலை. தரைப்பலகையும் அப்படித்தான். விலை கேட்கும்போதே 'இதில் தரை உண்டா, ஆங்கர் உண்டா, டெலிவரி உண்டா' என்று கேட்டு மொத்தத் தொகையை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆங்கர் போடாத ஷெட் காற்றில் போனால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகளின் தாளில் சின்ன எழுத்தில் இருக்கும்.

காற்றோட்டத்துக்கு எதிர் எதிர்ச் சுவர்களில், ஒரு பக்கம் தாழ்வாகவும் மறுபக்கம் கூரையை ஒட்டியும் திறப்பு இருக்க வேண்டும். மாடலில் இல்லாவிட்டால் தனியாக விற்கும் வென்ட்டை வாங்கிப் பொருத்தி, பூச்சி வராமல் வலை அடியுங்கள். துளை போட்ட இடத்தில் வெட்டு விளிம்புக்கு ஜிங்க் பெயிண்ட் ஒரு கை தடவிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் குளிர்ந்த இரவுகளில் கூரை வியர்த்தால், உட்புறம் மெல்லிய ஃபோம் ஷீட் ஒட்டினால் நின்றுவிடும்.

ஜன்னலை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், சாமான் எடுக்கக் கதவைத் திறந்தாலே வெளிச்சம் வந்துவிடும். ஜன்னல் என்பது தண்ணீர் வர ஓர் இடுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியாள் பார்க்க ஒரு வழி, முதலில் உடையும் பகுதி. அந்த வித்தியாசத் தொகையில் நல்ல பூட்டு வாங்கலாம். பூட்டைவிட அதை மாட்டும் கொண்டி முக்கியம். ஸ்க்ரூவால் பிடித்த கொண்டியை ஒரு நெம்பில் பெயர்த்துவிடலாம். கதவைத் துளைத்து மறுபக்கம் வாஷரும் நட்டும் போட்ட போல்ட்டால் பிடிக்க வேண்டும்.

உரத்தை இரும்புச் சாமானோடு ஒன்றாகத் திறந்து வைக்காதீர்கள். பெரும்பாலான உரங்கள் உப்பு வகை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், அந்த உப்பு ஈரம் இரும்பைச் சீக்கிரம் தின்னும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, தரையில் வைக்காமல் ஒரு மரப்பலகைமேல் வையுங்கள். பூச்சிமருந்து இருந்தால் குழந்தைகள் எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தெளிப்பானின் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு வந்துவிடுங்கள். வெயிலில் தகர ஷெட்டின் உள்சூடு லித்தியம் பேட்டரிக்கு ஆகாது. அதை ஷெட்டுக்குள் சார்ஜ் போடவும் கூடாது.

இப்போதுள்ள துருவோடு சாமான்களை உள்ளே வைக்காதீர்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, எண்ணெய் மெல்லிசாக ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டு மாட்டுங்கள். மரக் கைப்பிடிக்கு ஆளி விதை எண்ணெய் நல்லது. அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். வெளியே விரித்துக் காயவிட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்கள்.

ஷெட்டின் பாகங்களை இணைத்துப் பூட்டும் வேலையை நீங்களே செய்யலாம், ஆனால் தனியாக வேண்டாம். காற்றில்லாத ஒரு நாளில் இன்னொருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். தகர விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், கனமான கையுறை அவசியம். பெட்டியைப் பிரித்ததும் உதிரிகளைத் தாளோடு ஒப்பிட்டு எண்ணிவிடுங்கள், பாதி பூட்டிய பிறகு ஒரு துண்டு குறைவதைக் கண்டுபிடித்தால் இரவில் அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. நான்கு சுவரும் நின்று சதுரம் சரிபார்க்கும்வரை எந்த ஸ்க்ரூவையும் முழுதாக முறுக்காதீர்கள். கூரை ஸ்க்ரூ ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர் போட்டிருக்க வேண்டும்.

கடைசியாக நாள் கணக்கு. கான்கிரீட் போட்டதும் ஒரு வாரம் ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் காட்டுங்கள், அதற்கு முன் துளை போடக் கூடாது. ஷெட் முதலில் வந்து தளம் இல்லாமல் பெட்டியிலேயே மழையில் கிடந்தால், அட்டைக்குள் தண்ணீர் நின்று ஷீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, துத்தநாகப் பூச்சு வீணாகிவிடும். ஆகவே தளம் போடும் தேதியை முதலில் உறுதி செய்துகொண்டு, டெலிவரியை அதிலிருந்து பத்து நாள் தள்ளிக் கேளுங்கள்.